திறந்த சந்தையும் சமநீதியும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். முன்னது நூற்பாலைகளால் பெயர் பெற்றது. பின்னது ஆண்டாள் கோயிலாலும் பால்கோவாவாலும் அறியப்படுவது. அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களில் கைத்தறி நெசவு தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. ஓர் ஊர் நூலை நூற்கிறது. மற்றதன் அக்கம்பக்கம் அந்த நூலைத் துணியாக்குகிறது. எனவே நாட்டின் பொருளாதாரக் கொள்கையில் நிகழும் எந்த மாற்றமும் இவ்விரு ஊர்களையும் ஒருசேரத் தொடும். ஆனால் ஒரே விதமாகத் தொடுவதில்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட ஓர் இளம் மக்களாட்சி தன் குடிமக்கள் அனைவருக்கும் சம வாக்குரிமையை அளிக்கிறது. பின்னர் ஒருநாள் அதே நாடு தன் சந்தையையும் திறந்துவிடுகிறது. வாக்குச் சாவடியில் அனைவரும் சமம், சந்தையில் அப்படியல்லர். ஒன்றில் சமமாகவும் மற்றொன்றில் சமமற்றும் வாழும் குடிமகனுக்கு அந்த அரசு என்ன கடமைப்பட்டிருக்கிறது? இக்கேள்வியை நூல்களில் மட்டும் தேட வேண்டியதில்லை. நம் வட்டாரத்துப் பருத்தி நூலின் வழியே சென்றாலும் விடையின் பெரும்பகுதி கிடைக்கும்.

விடுதலைக்கு முன்னும் பின்னும்

ராஜபாளையத்தின் தொழில் வரலாறு விடுதலைக்கு முந்தியது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டில் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கரிசல் நிலத்துப் பருத்தியும், வேளாண்மையில் சேர்ந்த உள்ளூர் முதலும், மழை பொய்த்த காலங்களில் வேலை தேடிய கைகளும் ஒன்றுகூடியபோது ஒரு வேளாண் ஊர் ஆலை நகரமாக மாறத் தொடங்கியது.

இந்நகரம் தொழிலதிபர்களை மட்டும் தரவில்லை. 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா. அவருக்கு முன், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை நீடித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக் காலத்தில்தான் ஆலய நுழைவு உரிமைச் சட்டமும் (1947), ஜமீன் ஒழிப்புச் சட்டமும் (1948) நிறைவேறின. அரசியல் விடுதலை என்பது பிறப்பாலும் நிலவுடைமையாலும் வந்த மேல்கீழ்களை அகற்றும் பொறுப்பையும் உடன் கொண்டுவருவது என்பதை அன்றைய சட்டமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது என்பதற்கு இவையே சான்று.

நடுவண் அரசும் அதே திசையில் சென்றது. 1951-ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் பெருந்தொழில் தொடங்க உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. 1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசின் பொறுப்பில் வைத்தது. கைத்தறிக்கு இரண்டு காப்பரண்கள் பின்னர் வந்தன. ஒன்று, நூற்பாலைகள் உள்நாட்டில் விற்கும் நூலில் பாதியைச் சிட்ட நூலாக, அதாவது கைத்தறிக்குப் பயன்படும் கழிகளாகச் சுற்றித் தர வேண்டும் என்ற 1974-ஆம் ஆண்டின் ஆணை. மற்றது, குறிப்பிட்ட 22 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என வகுத்த 1985-ஆம் ஆண்டின் சட்டம்.

இந்தக் காலத்தைப் பொற்காலமாக வருணிப்பது உண்மைக்கு மாறானது. உரிமம் வழங்கும் அதிகாரம் எங்கே குவிகிறதோ அங்கே அணுக்கம் உள்ளவர்களுக்கே வாய்ப்புக் கிட்டும். பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூன் தம் வரலாற்று முன்னுரையில் இதைத் தனியே ஆராய்ந்திருக்கிறார். அரபியில் 'ஜாஹ்' எனப்படும் சமூகச் செல்வாக்கு உடையவருக்குப் பிறருடைய உழைப்பு விலையின்றியே வந்து சேர்கிறது, அதனால் அவரிடம் செல்வம் விரைவில் திரள்கிறது என்பது அவருடைய கருத்து. ஆட்சியாளர் தாமே வணிகத்தில் இறங்குவது குடிகளுக்குக் கேடு என்றும் அவர் எச்சரித்தார். உரிமக் காலத்து இந்தியாவுக்கு இவ்விரண்டுமே பொருந்தின. ஆகவே சீர்திருத்தம் வேண்டும் என்றவர்கள் எல்லோரும் ஏழைகளின் பகைவர் அல்லர்.

1991: கதவு திறந்த ஆண்டு

வளைகுடாப் போரினால் எண்ணெய் விலை உயர்ந்து, வெளிநாட்டுக் கடன் முட்டுக்கட்டையாக நின்ற 1991-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமான அளவுக்குச் சுருங்கியது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன் ஈடாக வைக்கப்பட்டது. அதே மாதத்தின் முதல் மூன்று நாள்களில் ரூபாயின் மதிப்பு இரு தவணைகளாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று பி.வி. நரசிம்மராவ் அரசின் புதிய தொழிற்கொள்கையும், நிதியமைச்சர் மன்மோகன் சிங்கின் வரவு செலவுத் திட்டமும் ஒரே நாளில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. அரசுக்கென ஒதுக்கப்பட்ட தொழில்கள் 17-லிருந்து 8 ஆயின.

இதன் விளைவுகள் பருத்தித் துறையில் படிப்படியாகத் தெரிந்தன. ரூபாய் மதிப்புக் குறைந்ததால் நூல் ஏற்றுமதி ஆதாயமாயிற்று. 1999-இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் புதிய இயந்திரம் வாங்கும் கடனுக்கு 5 விழுக்காடு வட்டியை அரசே ஏற்கும் என்றது. அதன் பயனை நூற்பாலைகள் பெருமளவில் பெற்றன. 2005 ஜனவரி முதல் நாளன்று, பன்னாட்டுத் துணி வணிகத்தைக் கட்டுப்படுத்திய ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. ராஜபாளையத்துக் கதிர்கள் உலகச் சந்தைக்காகச் சுழலத் தொடங்கின.

அதே ஆண்டுகளில் கைத்தறியின் காப்பரண்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 22 வகை ஒதுக்கீட்டை எதிர்த்து விசைத்தறி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில் அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. ஆனால் 1996-இல் அரசே அந்த 22-ஐ 11 ஆகக் குறைத்துவிட்டது. சிட்ட நூல் கட்டாயம் 50 விழுக்காட்டிலிருந்து 2003-இல் 40 ஆகவும், 2019-இல் 30 ஆகவும் குறைந்தது. நீதிமன்றத்தில் வென்ற உரிமையை நெசவாளர் நிர்வாக ஆணையில் இழந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

ஒரே நூல், மூன்று விதிகள்

இப்பொழுது நூலைப் பின்தொடர்வோம். அது ஆலையிலிருந்து புறப்பட்டு மூன்று வகை மனிதர்களைச் சென்றடைகிறது.

முதலாமவர் ஆலை உரிமையாளர். பருத்தி விலை ஏறினால் இருப்பு வைக்கவும், இறங்கினால் வாங்கிக் குவிக்கவும், உள்நாட்டில் விலை சரிந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பவும் அவருக்கு வழியுண்டு. வங்கிக் கடன் அவருக்கு எட்டும். அவருக்கும் இடர் இல்லாமல் இல்லை. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பருத்தியின் விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டியபோது சிறு ஆலைகள் திணறின. எனினும் இடரைத் தாங்கும் முதுகெலும்பு அவரிடம் இருக்கிறது.

இரண்டாமவர் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் போன்ற ஊர்களின் விசைத்தறிக்காரர். ராஜபாளையத்தை ஒட்டிய இவ்வூர்கள் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணியை நெய்கின்றன. நாட்டின் பல மூலைகளில் காயத்துக்குக் கட்டப்படும் துணி இங்கிருந்து போவதாகும். இங்கே சிறு தறி உரிமையாளர் நூல் விலைக்கும் துணி விலைக்கும் நடுவே நிற்கிறார். இரண்டையும் அவர் நிர்ணயிப்பதில்லை. தறி ஓட்டும் தொழிலாளிக்கு நெய்த அளவுக்கே கூலி. நூல் விலை ஏறி உற்பத்தி குறைந்தால் அவருக்கு வேலை நாள்களே குறைகின்றன. கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தமும், அதிகாரிகள் முன்னிலையில் பேச்சும், ஒப்பந்தமும் இவ்வூர்களுக்குப் புதியவை அல்ல. அவரிடம் உள்ள ஒரே வலிமை கூட்டாக நிற்கும் வலிமை.

மூன்றாமவர் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களின் கைத்தறி நெசவாளர். பாவு போடுவது முதல் சேலையை மடிப்பது வரை குடும்பமே உழைக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் நூலும் கூலியும் சங்கம் தரும். இல்லையேல் தறி முதலாளியிடம் நூல் பெற்று அவரிடமே துணியைத் திருப்பித் தர வேண்டும். முன்பணக் கடன் இருவரையும் பிணைத்து வைக்கிறது. இத்தகைய நெசவாளர், தம் சேலை நகரக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதையே அறியாமல் இருக்க நேர்கிறது.

சிட்ட நூலின் கதை இங்கே ஒரு பாடம். சிட்ட நூலுக்கு வரிச்சலுகை இருந்ததால், கைத்தறிக்கெனக் கணக்கில் காட்டப்பட்ட நூல் விசைத்தறிக்கு வழிமாறிப் போன நிகழ்வுகள் நாடெங்கும் பேசப்பட்டன. சலுகை நெசவாளரின் பெயரில், பயன் வேறொருவருக்கு. இதன் விளைவைக் கைத்தறிக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. 1995-96-இல் நாட்டில் 65 இலட்சத்துக்கும் மேலிருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2009-10-இல் ஏறத்தாழ 43 இலட்சமாகவும், 2019-20-இல் 35 இலட்சமாகவும் இறங்கியது. இவர்களில் பலர் நல்ல வேலைக்கு உயர்ந்து சென்றவர்கள் என்பது உண்மை. வேறு வழியின்றித் தறியைப் பிரித்துப் பரணில் போட்டவர்களும் பலர் என்பதும் உண்மை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இதற்கு மாறான ஒரு காட்சியைத் தருகிறது. 1991-க்குப் பின் பால் துறையிலும் தனியார் நுழைந்தனர். 1992-இல் பால் மற்றும் பால்பொருள் ஆணை அதை ஒழுங்குபடுத்த வந்தது. இருந்தும் இங்கே கூட்டுறவுச் சங்கமும், தனிப்பட்ட சிறு தயாரிப்பாளர்களும் அருகருகே நின்று விற்கிறார்கள். ஓரிரு மாடு வைத்திருப்பவருக்குப் பாலை வாங்க ஒருவருக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரின் பெயரே பொதுச் சொத்தாக, அது பலருக்கும் பயன்படுகிறது. சந்தை என்பதே தீங்கு அன்று. வாங்குவோர் பலராக, விற்போருக்கு விலை தெரிவதாக, நுழைவு எளிதாக இருக்கும் சந்தை சிறியவரையும் வாழவைக்கிறது.

மூன்றாண்டுக் கூலி

ஏற்றுமதிப் போட்டி கடுமையானபோது செலவைக் குறைக்கும் இடமாக உழைப்பு ஆயிற்று. நிரந்தரத் தொழிலாளரின் இடத்தில் தங்கும் விடுதிகளில் வைக்கப்பட்ட இளம்பெண்கள் வந்தனர். 'சுமங்கலித் திட்டம்', 'திருமகள் திருமணத் திட்டம்' என்ற மங்கலப் பெயர்களில், கோவை முதல் விருதுநகர் வரையிலான மாவட்டங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் இம்முறை பரவியது. பெண் மூன்றாண்டுகள் பயிற்சியாளர் என்ற பெயரில் உழைப்பாள். சிறு தொகை மாதந்தோறும் கிடைக்கும். மிச்சம் திருமணச் செலவுக்கென முடிவில் மொத்தமாகத் தரப்படும். இடையில் நோயுற்றோ வேறு காரணத்தாலோ விலகினால் அந்தத் தொகை உறுதியில்லை. 2011-இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையால் இது உலகின் கவனத்துக்கு வந்தது. வாங்கும் நிறுவனங்களின் அழுத்தத்தாலும், உள்ளூர்த் தொண்டு அமைப்புகளின் முயற்சியாலும், நீதிமன்றத் தலையீட்டாலும் அந்தப் பெயர்கள் பின்னர் விளம்பரங்களிலிருந்து மறைந்தன. விடுதி வழி வேலைமுறை மட்டும் தொடர்ந்தது.

இங்கே ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். ராஜபாளையத்தில் முதல் பெரிய ஆலை எழுந்த அதே 1936-ஆம் ஆண்டில்தான் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் இயற்றப்பட்டது. ஊதியக் காலம் ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது என்பது அதன் அடிப்படை விதி. அந்நியர் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டமே மாதக் கூலியை உறுதி செய்தது. விடுதலை பெற்ற நாட்டில், அரை நூற்றாண்டுக்குப் பின், மூன்றாண்டுக் கூலி நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே ஒரு மாத வரம்பைத் தக்கவைத்துள்ளது. எனவே குறை சட்டத்தில் இல்லை. பெண்ணின் வறுமையும், வரதட்சணை என்னும் சமூகப் பழியும், பயிற்சியாளர் என்ற சொல்லின் மறைவும் சேர்ந்து சட்டத்தைச் செயலற்றதாக்கின. வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்துக்கான சேமிப்பே ஒரு வேலைத் திட்டத்தின் கவர்ச்சியாக மாறியது நம் அனைவருக்குமான தலைகுனிவு.

வறுமை குறைந்தது, தூரம் கூடியது

சீர்திருத்தத்தின் கணக்கை நேர்மையாகப் பார்க்க வேண்டும். டெண்டுல்கர் குழுவின் அளவுகோலின்படி 1993-94-இல் இந்தியரில் 45.3 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டின்கீழ் இருந்தனர். 2011-12-இல் இது 21.9 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் இதே காலத்தில் 44.6-லிருந்து 11.3 ஆகக் குறைந்தது. பசி குறைந்தது சிறு செய்தியன்று.

மறுபக்கமும் உண்டு. தோமா பிக்கெட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டின் வருமானத்தில் மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரின் பங்கு 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்தது; 2022-23-இல் 22.6 விழுக்காடு. செல்வத்தில் அவர்களுடைய பங்கு 40.1 விழுக்காடு. ஏழை சற்று மேலேறினார். அவருக்கும் செல்வந்தருக்கும் இடையிலான தூரமோ பன்மடங்கு வளர்ந்தது.

நம் மாவட்டத்தின் நிலையே இந்த முரணைக் காட்டுகிறது. நூற்பாலை, அச்சு, பட்டாசு, தீப்பெட்டி, எண்ணெய் வணிகம் என இத்தனை தொழில் நிறைந்த விருதுநகர் மாவட்டம், நடுவண் அரசு 2018-இல் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றத் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட இரண்டு மாவட்டங்களுள் ஒன்று. மற்றது இராமநாதபுரம். தொழில் பெருகுவதும் மக்கள் நலம் பெருகுவதும் தாமாகவே ஒன்றாகிவிடா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவுடன் ஒப்பிட்டால் நம் பேறும் புரியும். அந்நாடு 1994-இல் விடுதலை பெற்று, 1996-லேயே சந்தை சார்ந்த பொருளாதாரத் திட்டத்தை ஏற்றது. விடுதலைக்கும் திறந்த சந்தைக்கும் நடுவே இரண்டே ஆண்டுகள். நிலமும் முதலும் பழைய கைகளிலேயே இருக்க, உலகிலேயே மிக உயர்ந்த ஏற்றத்தாழ்வு கொண்ட நாடுகளின் வரிசையில் அது நிலைத்துவிட்டது. இந்தியாவுக்கு 44 ஆண்டுகள் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் தமிழ்நாடு ஜமீனை ஒழித்தது, காமராஜர் காலத்தில் பள்ளிகளையும் மதிய உணவையும் தந்தது, 1982-இல் சத்துணவை விரிவாக்கியது, பொது வழங்கல் கடைகளை ஊர்தோறும் அமைத்தது. 1991-இல் கதவு திறந்தபோது நம் ஏழை வெறுங்கையுடன் மட்டும் நிற்கவில்லை. கல்வியும் அரிசியும் அவருக்குத் துணையாக இருந்தன. வட மாநிலங்கள் பலவற்றைவிட இங்கே வறுமை வேகமாகக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்காடி நெறி

இஸ்லாமியச் சட்டவியல் இந்தச் சிக்கலுக்குப் புதியதன்று. மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டினர். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. இயல்பாக ஏறி இறங்கும் விலையில் தலையிடுவது ஒரு தரப்புக்கு அநீதியாகும் என்பது அதன் உட்பொருள். சந்தையின் சுதந்திரத்துக்கு இது வலுவான சான்று.

ஆனால் அதே நபிகளார் பதுக்கலைத் தடுத்தார்கள். சரக்குடன் வரும் கிராமத்தாரை, அவர் சந்தை விலையை அறியும் முன் வழியிலேயே மறித்து வாங்குவதையும் தடுத்தார்கள். விலையைக் கட்டுப்படுத்தாத மார்க்கம், விலையை அறியவிடாமல் செய்வதைத் தடுத்தது. நகரத்து விலை தெரியாமல் தறி முதலாளியிடம் சேலையை ஒப்படைக்கும் நெசவாளரை எண்ணிப் பார்த்தால், இத்தடையின் ஆழம் விளங்கும்.

இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) இதை மேலும் விரித்தார். விலை உயர்வு பொருளின் அருமையாலோ தேவையின் மிகுதியாலோ வந்தால் ஆட்சியாளர் ஒதுங்கி நிற்க வேண்டும். மக்களின் தேவையைப் பிடித்து வைத்துக்கொண்டு சிலர் விலையை ஏற்றினால் நியாய விலைக்கு விற்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்றார். உழைப்பிலும் இதே நெறியை அவர் கண்டார். அவ்வேலைக்கு இயல்பாக உரிய கூலி, அதாவது 'உஜ்ரத்துல் மித்ல்', குறையலாகாது. இதைக் கண்காணிக்கவே 'ஹிஸ்பா' என்னும் அமைப்பும் 'முஹ்தஸிப்' என்னும் அங்காடி அலுவலரும் இருந்தனர். அவர் எடையையும் தரத்தையும் கலப்படத்தையும் நேரில் சென்று பார்த்தார். சந்தையைத் திறந்துவைத்த அதே நாகரிகம் சந்தைக்குக் காவலரையும் அமர்த்தியது.

கூலியைப் பொறுத்தவரை வழிகாட்டுதல் தெளிவானது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற கருத்துடைய நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. மூன்றாண்டுகள் காக்கவைக்கும் கூலியை எந்தப் பெயரால் அழைத்தாலும் அந்த அளவுகோலில் அது தேறாது. இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய அளவுகோலும் அன்று. 1936-ஆம் ஆண்டின் சட்டமும் ஏறத்தாழ இதையே சொன்னது.

செய்யத்தக்கவை

2023-இல் விருதுநகர் மாவட்டத்துக்கு மாபெரும் ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இ. குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் திட்டமிடப்பட்ட இது புதிய கதவு. முந்தைய கதவு திறந்தபோது நேர்ந்தவற்றை மனத்தில் கொண்டால், மூன்று ஏற்பாடுகள் இன்றியமையாதவை எனத் தெரிகிறது.

முதலாவது, கூலி மாதந்தோறும் தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்கில் முழுமையாகச் சேர வேண்டும். விடுதிகளில் தங்கும் பெண்கள் குடும்பத்தாரையும் ஆய்வாளரையும் தடையின்றிச் சந்திக்க வேண்டும். இரண்டாவது, நூல் விலையும் துணி விலையும் நெசவாளருக்கும் சிறு தறி உரிமையாளருக்கும் உடனுக்குடன் தெரிய வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் நிலுவையின்றிக் கூலி வழங்கும் வலிமை பெற வேண்டும். மூன்றாவது, ஒரு காப்பரணை அகற்றுவதற்குமுன் அதன் நிழலில் வாழ்பவருக்கு மாற்று என்ன என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 22 வகையை 11 ஆக்கியபோது இக்கேள்விக்குப் போதிய விடை தரப்படவில்லை.

செல்வம் செல்வரிடையே மட்டும் சுழலும் பண்டமாகிவிடக்கூடாது என்பது திருமறை வகுத்த நெறி. சுழற்சியை அது தடுக்கவில்லை. சுற்று குறுகிவிடுவதையே தடுத்தது. ராஜபாளையத்துக் கதிரில் திரிந்த நூல் சத்திரப்பட்டி வழியாகவும் சுந்தரபாண்டியம் வழியாகவும் உலகத்தைச் சென்று சேர்கிறது. அந்த நூலின் விலை திரும்பி வரும்போதும் அதே ஊர்களின் வழியாகவே, ஒவ்வொரு வாசலிலும் உரிய பங்கை வைத்துவிட்டு வர வேண்டும். அதை உறுதிசெய்வதே, வாக்குச் சாவடியில் நாம் பெற்ற சமத்துவத்துக்கு அங்காடியில் நாம் செலுத்த வேண்டிய கடன்.